அப்பா கட்டிலைவிட்டு எழுவதில்லை: புராஸ்டேட் புற்றுநோய்க்காரர் உடற்பயிற்சி செய்யலாமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பாலக்கோடு பக்கத்துக் கிராமம், அப்பாவுக்கு 67 வயது, புராஸ்டேட் புற்றுநோய், எலும்புக்கும் கொஞ்சம் போயிருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி. ஆறு மாதமாகக் கட்டிலே கதி, பேச்சு குறைந்துவிட்டது, பேசினாலும் எரிந்து விழுகிறார். நன்றாக ஓய்வெடுக்கட்டும் என்று இரண்டு மாட்டையும் விற்றுவிட்டீர்கள். இப்போது யாரோ உடற்பயிற்சி நல்லது என்று சொல்ல, எலும்பு உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கேட்டது எலும்பைப் பற்றித்தான். ஆனால் கடைசி வரியில் "அப்பா முன்ன மாதிரி இல்லைங்க" என்று எழுதியிருக்கிறீர்களே, நிஜமான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். தர்மபுரியில் 19 வருடமாக இந்த வேலை, அதற்கு முன் நான்கு வருடம் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில். புற்றுநோய் மருத்துவர் இல்லை, அதனால் மருந்து, ஊசி, பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை எண் பற்றியெல்லாம் முடிவு சொல்ல மாட்டேன். அப்பாவின் ஸ்கேனை நான் பார்க்கவும் இல்லை. கீழே எழுதுவதில் எது உறுதி, எது அரைகுறை என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

ஊசியிலிருந்து ஆரம்பிக்கிறேன், உங்கள் வீட்டில் நடக்கும் சண்டையில் பாதி அதனால்தான் என்று தோன்றுகிறது. புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும் சுரப்பி. அதில் வரும் புற்று பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. சார்லஸ் ஹக்கின்ஸ் இதை 1941இலேயே காட்டினார், 1966இல் நோபல் பரிசும் வாங்கினார். மூன்று மாத ஊசி அந்த ஹார்மோனை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிடுகிறது, விதையை எடுத்துவிடும் அறுவை சிகிச்சையும் இதே வேலையைத்தான் செய்கிறது. புற்று அடங்குகிறது, சரி. ஆனால் ஆணின் தசையும் எலும்பும் ரத்தமும் உற்சாகமும் அதே ஹார்மோனை நம்பித்தானே இருந்தன. ஊசி ஆரம்பித்தவர்களை 48 வாரம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில் தசை எடை ஏறக்குறைய 3 சதவீதம் இறங்கி, கொழுப்பு 9 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. வயிறு முன்னால் வரும், தொடை சூம்பும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். நடு ராத்திரியில் குப்பென்று உடம்பு சூடாகி வேர்த்துக் கொட்டும், பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் வருமே, அதேதான். ஒன்றுமே செய்யாமல் களைப்பாக இருக்கும். இந்தக் களைப்பு தூங்கினால் தீராது. வீட்டில் இருப்பவர்கள் "ஊசி போட்டிருக்கு, படுங்க" என்கிறார்கள், படுக்கப் படுக்கத் தசை இன்னும் கரைகிறது, கரைந்ததும் எழவே முடியவில்லை. எழ முடியாதவரிடம் மறுபடி "படுங்க".

உடற்பயிற்சி இந்தக் களைப்பைக் குறைக்கும் என்பது உறுதியான விஷயங்களில் ஒன்று. 2003இல் வெளிவந்த ஆய்வில், ஹார்மோன் சிகிச்சையில் இருந்த 155 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் வாரம் மூன்று நாள், 12 வாரம், எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்குக் களைப்பு குறைந்தது, பலமும் கூடியது. அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் அதே திசையில்தான் வந்திருக்கின்றன. 2019இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டுதல், எல்லாவிதப் புற்றுநோயாளிகளுக்கும் பொதுவாகச் சொல்வது இது: வாரம் மூன்று நாள் அரை மணி நேரம் மிதமான நடை மாதிரி ஏதாவது, அதோடு வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. களைப்பு, பதற்றம், மனச்சோர்வு, நடமாட்டம் எல்லாவற்றிலும் இந்த அளவே பலன் காட்டுகிறது. உங்கள் ஊர் பால் சொசைட்டி வரை போய்த் திரும்பி வரும் நடைதான் அந்த அரை மணி நேரம், பெரிதாக ஒன்றும் கிடையாது.

அடுத்து எலும்பு. பரவியிருந்தால் பயிற்சியே கூடாது என்றுதான் நான் படித்த காலத்தில் சொன்னார்கள். இப்போது அப்படி இல்லை. ஆஸ்திரேலியாவில் எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் நோயாளிகள் 57 பேரை வைத்து மூன்று மாதம் செய்த சோதனை 2018இல் வெளிவந்தது. பரவிய இடத்தின் மேல் பாரம் விழாதபடி ஒவ்வொருவருக்கும் பயிற்சியை மாற்றி அமைத்து, பக்கத்தில் ஆள் நின்று செய்யவைத்தார்கள். பயிற்சியால் யாருக்கும் எலும்பு முறியவில்லை, நடமாட்டம் தேறியது. 57 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அங்கே ஒவ்வொரு தடவையும் பயிற்சியாளர் கூடவே இருந்தார், அதையும் மறக்கக் கூடாது. ஆகவே "செய்யலாமா" என்பதற்குப் பதில் செய்யலாம், ஆனால் எந்த எலும்பு என்று தெரியாமல் ஒன்றும் செய்யக் கூடாது. ஸ்கேன் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் கேளுங்கள்: எந்தெந்த எலும்பு, உடையும் நிலையில் ஏதாவது இருக்கிறதா, ரத்தம் எத்தனை இருக்கிறது, இதயம் தாங்குமா. முதுகெலும்பில் இருந்தால் குனிந்து தரையிலிருந்து எதையும் தூக்குவது, இடுப்பைத் திருகுவது, படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி எல்லாம் வேண்டாம். இடுப்பெலும்பு, தொடை எலும்பு என்றால் அந்தக் காலில் மட்டும் நிற்பது, படியேறுவது, குதிப்பது வேண்டாம். எந்தப் பயிற்சியிலும் எலும்புக்குள்ளே குத்துவது போல வலி வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். தசைவலி வேறு, அது மறுநாள் காலையில் மந்தமாகத் தெரியும், இரண்டு நாளில் போய்விடும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, வெளியூரில் எழுதப்பட்ட கையேடுகளில் இது வராது. தர்மபுரி, கிருஷ்ணகிரித் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே அதனால்தான். அப்பா வயதுக்காரர்கள் அதற்கு முன் ஐம்பது வருடம் போர்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் குடித்தவர்கள். பல்லில் காவிக் கறை, கழுத்தும் முதுகும் மரக்கட்டை மாதிரி விறைத்திருப்பது, காலை மடக்க முடியாதது, இதெல்லாம் இங்கே சாதாரணம். ஃபுளோரைடு ஏறிய எலும்பு எக்ஸ்ரேயில் வெள்ளையாக, கெட்டியாகத் தெரியும். புராஸ்டேட் புற்று பரவிய எலும்பும் பெரும்பாலும் அப்படியே வெள்ளையாகத்தான் தெரியும். ஒன்றை இன்னொன்றாக நினைத்துவிட வாய்ப்பு உண்டு, இரண்டு திசையிலும். அதுவும் போக, ஃபுளோரைடு எலும்பு பார்க்கத்தான் கெட்டி, பலம் அந்த அளவுக்கு இருக்காது, அதனால் எலும்பு அடர்த்திச் சோதனையில் வரும் நல்ல எண்ணை நம்பி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அப்பா எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர் என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், குறிப்பாகப் பெங்களூரு கித்வாய், சென்னை அடையாறு மாதிரி வெளியூர்ப் புற்றுநோய் மருத்துவமனையில் பார்க்கிறீர்கள் என்றால், அங்கே இருப்பவருக்கு இது தோன்றாமல் போகலாம்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் முதுகு விறைப்பு என்று வந்தார். பல்லைப் பார்த்தேன், காவி. "தண்ணியால வந்ததுங்க ஐயா" என்று நானே முடிவு கட்டி, பத்து நாள் வெப்ப ஒத்தடம் கொடுத்தேன். பதினோராவது நாள் அவர் மகன் தோளில் தாங்கிக் கூட்டி வந்தார், கால் இழுத்துக்கொண்டு இருந்தது. புராஸ்டேட்டிலிருந்து முதுகெலும்புக்கு வந்து தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்த புற்று அது. ராத்திரி படுத்தால் வலி கூடுகிறது என்று அவர் முதல் நாளே சொல்லியிருந்தார், நான் குறித்துக்கூட வைக்கவில்லை. அதனால் கேளுங்கள்: புதிதாக முதுகுவலி வந்து படுத்தால் அதிகமாவது, கால் தளர்வது, இடுப்புக்குக் கீழே மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது அல்லது வராமலே போவது, இதில் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே, ராத்திரி ஆனாலும், பெரிய மருத்துவமனைக்குப் போய் "புற்றுநோய் இருக்கு, தண்டுவடம் அழுத்துதோன்னு பயமா இருக்கு" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். சில மணி நேரம் தாமதித்தாலும் நடை திரும்பாமல் போகலாம்.

மருத்துவர் சரி என்ற பிறகு எங்கே ஆரம்பிப்பது? திண்ணையில். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும். முழங்கால் உயரத் திண்ணையோ சுவரோடு ஒட்டிப் போட்ட மர பெஞ்சோ போதும். உட்காரவைத்து, கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொல்லி, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். அவர் வயது ஆணுக்கு 12க்குக் கீழே என்றால் குறைவு. ஆறு மாதம் படுத்தவர் என்றால் நான்கு, ஐந்து வரலாம், முதல் தடவை கையை ஊன்றாமல் எழவே முடியாமலும் போகலாம், பதறாதீர்கள். அந்த எண்ணைக் காலண்டரில் எழுதுங்கள். அந்த எழுந்து உட்காருவதே முதல் பயிற்சி: ஐந்து முறை, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஐந்து. அடுத்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, சுவரில் கையை வைத்துத் தள்ளுவது, பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி உட்கார்ந்தபடி மார்புக்கு இழுப்பது. விலா எலும்பிலோ தோளிலோ பரவியிருந்தால் கடைசி இரண்டும் வேண்டாம். மூச்சை அடக்காமல் செய்ய வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, வேகத்துக்கு அதுதான் அளவு. முதல் வாரம் ஐந்து நிமிடம் போதும், வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். நடுவில் ஊசி போட்ட வாரம் சுணங்கினால் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், முழுக்க விட வேண்டாம்.

சாப்பாட்டில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ராகி 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, களி சாப்பிடும் ஊரில் பிறந்தவருக்கு அதுவே நல்லது. கூடவே கொள்ளு, அவரை, முட்டை என்று புரதம் சேர வேண்டும், புரதம் இல்லாமல் பயிற்சி மட்டும் செய்தால் தசை வராது. சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். புற்றை உருக்கும் பொடி, கஷாயம் என்று யாராவது கொண்டு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விழுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த நோயாளிகள் பயிற்சியில் விழுந்து நான் பார்த்ததில்லை, ராத்திரி ஒன்றுக்குப் போகும்போது விழுந்துதான் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கும், கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் இருக்கும், விளக்கு இருக்காது, குந்தி உட்கார்ந்தால் தொடையில் எழ பலம் இருக்காது. வழியில் ஒரு பல்பு, பிடித்துக்கொள்ள ஒரு பைப், முடிந்தால் உட்காரும் கழிப்பறை, இல்லாவிட்டால் ஓட்டை போட்ட நாற்காலி. இந்த வாரமே செய்துவிடலாம்.

சரி, பேசாமல் இருக்கிறாரே, அதற்கு வருவோம். ஊசியால் மனம் சோரும் என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது, ஆனால் எவ்வளவு ஊசியால், எவ்வளவு நோயின் பயத்தால் என்று பிரித்துச் சொல்வது கடினம். எப்படியிருந்தாலும், எரிந்து விழுவது அப்பாவின் குணம் கெட்டுப்போனதால் வருவது என்று மட்டும் நினைக்காதீர்கள், அம்மாவையும் நினைக்கவிடாதீர்கள். இந்த நோய் ஆளை எங்கே அடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆசை போய்விடுகிறது, உறவு முடியாமல் போகிறது, சிலருக்கு மார்பு பெருக்கிறது, சிலருக்கு வேட்டி நனைகிறது. நனைந்துவிடும் என்ற பயத்திலேயே கல்யாணம், காதுகுத்து, கூத்து எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டு "உடம்பு சரியில்லை" என்பார்கள். இதை மகனிடம் சொல்வாரா? என்னிடமே நாற்பது நிமிடம் முழங்காலைப் பற்றிப் பேசிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், "சார், அதெல்லாம் இனிமே அவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நீங்கள் வெளியே இருந்துகொண்டு அப்பாவையும் அம்மாவையும் மட்டும் உள்ளே அனுப்புங்கள். சிறுநீர்க் கசிவுக்கு இடுப்புத் தளத் தசைப் பயிற்சி உண்டு: சிறுநீரைப் பாதியில் நிறுத்த இறுக்குவோமே, அந்த இடத்தை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது. அறுவைக்குப் பிறகு வரும் கசிவுக்கு இது நன்றாகவே உதவுகிறது, சிறுநீர் போகக் குழாய் போட்டிருக்கும்போது மட்டும் செய்யக் கூடாது. கசிவுக்கான உள்ளாடை மருந்துக் கடையில் கிடைக்கிறது, நீங்களே வாங்கி ஒன்றும் சொல்லாமல் அவர் துணியோடு வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, அவருக்கு நோயின் பெயரைச் சொல்லியிருக்கிறீர்களா? நீங்கள் எழுதவில்லை. நம் பக்கம் "கட்டி", "நீர்க்கடுப்பு" என்று மூடிவைப்பது வழக்கம். ஊசிக்குக் கூட்டிப்போகும் கட்டிடத்தின் பெயர்ப்பலகையை அவரும்தான் படிக்கிறார். தெரிந்தும் தெரியாத மாதிரி இரண்டு தரப்பும் நடித்துக்கொண்டிருந்தால் பேசுவதற்கு என்ன மிச்சம் இருக்கும்? எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம், "உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணும்னு தோணுதோ கேளுங்கப்பா" என்று ஆரம்பித்தால் போதும்.

மாடுகளுக்கு வருகிறேன். அன்பாலேதான் விற்றீர்கள், புரிகிறது. ஆனால் நாற்பது வருடம் விடியற்காலையில் எழுந்ததற்கு அவரிடம் இருந்த காரணம் அதுதான், அதை எடுத்துவிட்டு "ரெஸ்ட் எடுங்க" என்றால் அவருக்குக் கேட்பது "இனி நீங்க வேண்டாம்" என்பது. மறுபடி மாடு வாங்கச் சொல்லவில்லை. கயிற்றை மாடு ஒரு வெட்டு வெட்டினால் பரவிய எலும்புக்கு ஆபத்து, குந்திப் பால் கறப்பதும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் பாரமில்லாத, தினமும் செய்தே தீர வேண்டிய ஒரு வேலை அவர் பொறுப்பில் இருக்கட்டும். நாலு கோழி. சொட்டுநீர்க் குழாயின் கேட்வால்வைத் திறந்து மூடுவது. பேரனைப் பள்ளி வேன் வரை கொண்டுவிடுவது. "உடற்பயிற்சி" என்ற சொல்லே சிலருக்கு வேப்பங்காய். ஒருவருக்கு நான் படம் போட்ட தாள் கொடுத்தனுப்பினேன், மூன்று மாதம் கழித்து அது தலையணை உறைக்குள் மடித்தபடியே இருந்தது என்று அவர் சம்சாரம் சொன்னார். அதே ஆள், தக்காளி மண்டிக்குப் போய் விலை விசாரித்து வரச் சொன்னால் இரண்டு கிலோமீட்டர் நடந்தார்.

கூட ஒருவர் நடந்தால் இன்னும் நல்லது, அது மகனாக இல்லாமல் அவர் வயதுக்காரராக இருந்தால் மிக நல்லது. டென்மார்க்கில் ஹார்மோன் சிகிச்சையில் இருந்த ஆண்களைச் சேர்த்துக் கால்பந்து ஆடவைத்தார்கள், 12 வாரத்தில் தசை கூடியது. எனக்குப் பிடித்தது வேறு: உட்காரவைத்துப் பேசச் சொல்லும் கூட்டத்துக்கு வராத ஆண்கள் இதற்கு வந்தார்கள், அங்கே தாங்கள் நோயாளியாக இல்லாமல் ஆட்டக்காரராக இருந்ததாகச் சொன்னார்கள். எதிரெதிரே உட்கார்ந்து "மனசுல என்ன இருக்கு" என்று கேட்டால் நம் அப்பாக்கள் வாய் திறக்க மாட்டார்கள், பக்கத்தில் நடந்துகொண்டே, கண் ரோட்டில் இருக்கும்போது, பாதி வழியில் ஏதாவது வரும். அவருடைய பங்காளியோ பழைய சீட்டாட்டக் கூட்டாளியோ ஒருவரிடம் போய், "மாமா, சாயங்காலம் அப்பாவைக் கொஞ்சம் டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிப் பாருங்கள். அவர் வந்தால் நோயைப் பற்றிக் கேட்க வேண்டாம், மழையைப் பற்றிப் பேசட்டும்.

ஆனால் நடையால் தீராத சோர்வும் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு வேண்டாம், "நான் இருந்து என்ன பண்ணப் போறேன்" என்ற பேச்சு வந்தால், சாகணும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, இருந்தால் வெளியே வரும். தோட்டத்துப் பூச்சிமருந்து டப்பாக்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றிப் பூட்டுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், எந்த நேரமும், காசு இல்லை. "ஆமாம்" என்று சொன்னாரானால் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மனநல மருந்து தேவைப்பட்டால் போடட்டும், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பயிற்சி செய்தால் ஆயுள் கூடுமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். இங்கேதான் நான் அடக்கிப் பேச வேண்டும். அமெரிக்காவில் இந்த நோய் உள்ள 2,705 பேரைப் பின்தொடர்ந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் தீவிரமாக உழைத்தவர்கள் இந்த நோயால் இறப்பது 61 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் தெம்பாக இருந்ததால்தான் உழைத்தார்களா, உழைத்ததால் தெம்பா என்பதை அப்படிப்பட்ட ஆய்வு பிரித்துக் காட்டாது. 2025இல் பெருங்குடல் புற்றுநோயில் பயிற்சி ஆயுளைக் கூட்டியதாகச் சரியான சோதனையே வந்திருக்கிறது. அது வேறு புற்று, உங்கள் அப்பாவுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. அதனால் ஆயுளைக் காட்டி அவரை நடக்கச் சொல்லாதீர்கள், கையை ஊன்றாமல் எழலாம், களைப்பு குறையும், அதைச் சொல்லுங்கள்.

பக்கத்தில் பிசியோதெரபிஸ்ட் இல்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் கொடுங்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி அது தொடங்கியதே நம் பக்கம், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சையும் வலித்தணிப்புச் சிகிச்சையும் தருவது அதில் உண்டு. எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும், ஆனால் முதல் தடவை ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லிக்கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

இப்போதைக்கு எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஸ்கேன் அறிக்கையின் கடைசிப் பத்தியை, பெயரையும் மருத்துவமனையையும் விட்டுவிட்டு, இங்கே எழுதுங்கள். கூடவே அந்தத் திண்ணைக் கணக்கையும். மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, மேலே சொன்னவற்றில் எதை அடிக்கணும், எதை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறேன்.